அலை மட்டும்

ஜோசலினுக்கு நாற்பத்தேழு வயது. அஸ்தினாபுரத்தில் அப்பா ஜெபராஜ் வாத்தியார் கட்டிவிட்டுப்போன மாடி வீட்டில் கீழ்ப்பகுதியில் இருக்கிறாள். கல்யாணம் ஆகவில்லை. அதற்காகச் சபையில் கவலைப்பட்டவர்கள் எல்லோரும் ஒருவழியாகக் கவலைப்பட்டு ஓய்ந்து, வேறு வீட்டுப் பெண்களைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். அவளுக்கும் நிம்மதி.

என்ன வேலை என்று கேட்டால் லேப் டெக்னீஷியன் என்பாள். கேட்டவர்கள் உடனே ரத்தப் பரிசோதனையா, சுகர் பார்ப்பீர்களா என்று விரலை நீட்டுவார்கள். பக்கத்து வீட்டு ஹேமாவதி இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் ஜோசலின் இருபத்துநாலு வருடமாகப் பார்ப்பது அலை உண்டாக்குகிற வேலை. மேடவாக்கம் தாண்டி ஒரு கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு நீளமான கூடம். கூடத்தின் நடுவே முப்பது மீட்டருக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. தொடையளவு தண்ணீர். ஒரு முனையில் பேடில் என்கிற இரும்புப் பலகை. மோட்டார் அதை முன்னும் பின்னும் தள்ளும், அலை புறப்படும். மறுமுனையில் சரளைக்கல் சரிவு. போன அலை அங்கே ஏறி அடங்கிவிடும். தொட்டிக்கு அடியில் பெரிய குழாயும் பம்பும் உண்டு. பம்பைப் போட்டால் தொட்டித் தண்ணீர் ஆறு மாதிரி ஓடத் தொடங்கும், வேண்டிய திசையில்.

துறைமுகம் கட்டுகிறவர்களும் கடல் கரையை அரிக்காமல் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போடுகிறவர்களும் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டு போவார்கள். எந்தப் பரிசோதனையாக இருந்தாலும் ஜோசலினின் நோட்டில் மூன்று வரிதான். முதல் வரி, அலை மட்டும். இரண்டாவது, ஓட்டம் மட்டும். மூன்றாவது, இரண்டும் சேர்ந்து. இந்த முறையை அவள் யாருக்காகவும் மாற்றமாட்டாள். ஒன்று முடிந்து அடுத்ததைத் தொடங்குமுன் பத்து நிமிஷம் தண்ணீர் அடங்கவேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் போனை நோண்டுவார்கள். பிஎச்டி பண்ணுகிற மாளவிகா, "மேடம், இவ்ளோ போதும் மேடம், அடங்கிடுச்சு" என்று கெஞ்சுவாள். ஜோசலின் அசையமாட்டாள். கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஓட்டமும் அலையும் ஒரே பக்கம் போனால் அலை நீண்டு, தணிந்து, அது இருப்பதே தெரியாமல் போய்விடும். எதிர்த்துப் போனால் கதையே வேறு. அலைக்கும் அலைக்கும் நடுவே இடைவெளி சுருங்கும். இடம் குறைந்த அலை வேறு வழியில்லாமல் மேலே எழும். முகப்பு சுவர் மாதிரி நிமிரும். தாங்கமுடியாத உயரம் வந்ததும் உச்சி உடைந்து முன்னால் கொட்டும். ஓட்டம் இன்னும் பலமாக இருந்தால் சின்ன அலைகள் அந்த இடத்தைத் தாண்டவே முடியாமல் அங்கேயே நின்று முடிந்துபோகும். இத்தனைக்கும் பேடில் தள்ளியது அதே தள்ளுதான்.

ஜோசலினைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வாள். நன்றாக விழித்திருந்தபோது கேட்டதற்குத்தான் தப்பாகச் சொன்னாள்.

கேட்டவன் ஜெஃப்ரி, அவளுடைய தம்பி. பதினோரு வயது இளையவன். அம்மா ரத்தினபாய் போனபோது அவன் ஆறாம் வகுப்பு. அதற்குப் பிறகு அவனுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்தது வரை எல்லாம் ஜோசலின்தான். துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. மனைவி கெசியா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இருவரும் மாடியில் இருந்தார்கள். ஜெஃப்ரிக்கு ஒரே பைத்தியம், மீன் பிடிப்பது. சனிக்கிழமை விடியுமுன்பே காரின் தலையில் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயாக் படகு ஏறிவிடும். முட்டுக்காடு கழிமுகத்துக்குள் போய் உட்கார்ந்து தூண்டில் போடுவான். ஆறு வருடமாக இந்தக் கூத்து. பிடித்ததைவிடக் கதை பேசியதுதான் அதிகம்.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. மூன்று நாள் விடாத மழை முந்தின நாள் மாலைதான் நின்றிருந்தது. காலை ஏழு மணிக்குப் போன் வந்தபோது ஜோசலின் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள ஒண்ணுமே கடிக்கல. ரெண்டு மணி நேரமா சும்மா உட்கார்ந்திருக்கேன். முகத்துவாரம் நல்லா திறந்திருக்கு, வெளிய கடலுக்குப் போய்ப் பார்க்கலாமான்னு இருக்கு. ஆப்ல அலை அறுபது சென்டின்னு காட்டுது. போலாமா?"

"அறுபதுதானே? அது ஒண்ணும் இல்லடா. போயிட்டு வா."

"நேத்து கெசியாகூட பெரிய சண்டைக்கா. ஒரு கொடுவாவாவது கொண்டுபோய்க் குடுத்தாத்தான் என் மூஞ்சியப் பார்ப்பா. மத்தியானம் நீயும் மேல சாப்பிட வந்துடு."

"சரி சரி, வை. தோசை கருகுது."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது.

ஆப் காட்டிய அறுபது சென்டிமீட்டர் திறந்த கடலுக்கு. அவன் கடக்கப்போனது முகத்துவாரத்தை. அஸ்தினாபுரத்துத் தெருக்களில் பெய்த மழை செம்பாக்கம் ஏரிக்குப் போய், பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே ஓடி அந்த வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. மூன்று நாள் மழைத்தண்ணீர் முழுக்க அந்தக் காலையில் கடல் உள்வாங்குகிற வற்றத்தோடு சேர்ந்து வெளியே பாய்ந்துகொண்டிருந்தது. அதை எதிர்த்து அறுபது சென்டிமீட்டர் அலை உள்ளே வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமைதான் மாளவிகாவுக்காக எதிர் ஓட்டப் பரிசோதனை செய்து, மூன்றாவது வரியில் ஜோசலின் தன் கையாலேயே எண்களை எழுதியிருந்தாள். தம்பிக்கு மட்டும் முதல் வரியைப் படித்துச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோவளம் பக்கத்தில் உடல் ஒதுங்கியது. முதலில் பார்த்து மணலில் தூக்கிக் கிடத்தியவர் சிட்டிபாபு என்கிற மீனவர். ஜோசலினும் கெசியாவும் மணலில் நின்றபோது அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"கடலு நேத்து நல்லாதான் இருந்திச்சிம்மா. அலையே இல்ல. வாயாண்டதான் பேஜாரு. மயத்தண்ணி வெளிய தள்ளிகினு வர்ற அன்னிக்கு எங்க ஆளுங்களே அந்தப் பக்கம் படக வுடமாட்டாங்க. சாரு ஆறு வருசமா வந்துகினு கீறாரு. அவருக்குத் தெரியாதா இன்னா?"

மனசில் எதையும் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை கெசியாவின் காதில் போய் உட்கார்ந்துகொண்டது.

போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. ஊர் அப்படி முடிக்குமா? கடல் குளம் மாதிரி இருந்த நாளில் நீச்சல் தெரிந்தவன் எப்படிப் போவான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். லைஃப் ஜாக்கெட் காரிலேயே இருந்ததாமே என்றார்கள். கழிமுகத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் வெயிலுக்கு யாரும் அதைப் போட்டுக்கொள்வதில்லை என்பது இவர்களுக்கு எங்கே தெரியும். துக்கத்துக்கு வந்த ஹேமாவதி, "வீட்டுல ஏதாவது மனஸ்தாபமா?" என்று ஜோசலினிடம் ரகசியமாகக் கேட்டாள். சபையில் அதையே கண்ணை மூடி ஜெபமாகக் கேட்டார்கள்.

ஜோசலின் அடக்க ஆராதனையில் அழவில்லை. அழுகை வரவில்லை. பெட்டியை மூடும்போதுகூடப் பக்கத்தில் நின்று பூமாலையின் நூலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விசுவாசத்தில் எவ்வளவு உறுதி பாருங்கள் என்று பாஸ்டரம்மா அவளைக் கட்டிப்பிடித்தார். உறுதியாவது ஒன்றாவது. உள்ளே ஒன்றுமே இல்லை. சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள். அலை அளக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கி, ஐந்தைந்து சென்டிமீட்டராக அளவு சரிபார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. துறைத்தலைவர் ராஜகோபால் சார், "இன்னும் ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கோங்கம்மா" என்றார். "எதுக்கு சார்?" என்று கேட்டாள். அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

கெசியா சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் கீழே வந்துவிடுவாள். மாடியில் தனியாக இருக்க அவளால் முடியவில்லை. முதல் மாதத்திலேயே ஒருநாள் அதைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி நான்தான் அக்கா அப்படிச் சொன்னேன். எங்க அம்மா வீட்டுக்கு வர்றேன்னு சொல்லிட்டு மறுபடியும் மீன் பிடிக்கப் போறேன்னு நின்னார். எனக்குக் கோபம் வந்துச்சு. 'உனக்குத் தண்ணிதான் பொண்டாட்டி, அங்கயே போய்க் கெட'ன்னு கத்தினேன். காலைல என்கிட்ட பேசாம போயிட்டார். அங்கயே போயிட்டார்."

"அதெல்லாம் இல்ல கெசியா."

"எப்படி இல்ல? ஜாக்கெட் போடல. ஆறு வருஷமா அங்க போறவர். அந்த மீன்காரர் சொன்னார்ல, தெரியாதான்னு. தெரிஞ்சேதான் போயிருக்கார். நான் போகச் சொன்னேன், போயிட்டார்."

ஜோசலினின் வாயில் மருந்து இருந்தது. மத்தியானம் மீனோடு வந்து உன்னைச் சமாதானம் பண்ணத்தான் போனான், போகலாமா என்று என்னைக் கேட்டான், நான்தான் போகச் சொன்னேன். இவ்வளவுதான் சொல்லவேண்டியது. மீன் என்ற பாதியை மட்டும் சொல்லலாம் என்றால் முடியாது. எப்போது சொன்னார், வேறென்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கெசியா கேட்பாள். கணக்கு டீச்சர். நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு விடையை எழுத அவளிடம் முடியாது. ஜெஃப்ரியின் போன் தண்ணீரோடு போய்விட்டது. அந்தப் பேச்சு நடந்தது உலகத்தில் ஜோசலின் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாற்பதாம் நாள் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். கிறிஸ்துமஸ் வந்தது; பண்டிகை நாளில் எப்படி என்று விட்டாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் சொல்வோம் என்றாள். ஒரு நாள் தள்ளும்போது அடுத்த நாள் சொல்வது இரட்டிப்புக் கஷ்டமாக இருந்தது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது. இப்படியே கோடை போய், ஆடி போய், அக்டோபர் வந்துவிட்டது. கெசியா பன்னிரண்டு கிலோ இளைத்திருந்தாள். புடவை இடுப்பில் நிற்கவில்லை என்று சுடிதாருக்கு மாறினாள். ஜோசலின் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தாள், பதறவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அக்டோபர் மாதத்தில் ஒரு புதன்கிழமை, வருஷ நினைவு ஜெபக்கூட்டம் பற்றிப் பேச்சு வந்தது. யார் யாரை அழைப்பது, பிரியாணி எங்கே சொல்வது என்று ஜோசலின் கேட்டுக்கொண்டிருந்தாள். கெசியா குறுக்கே சொன்னாள்:

"அன்னைக்கு நான் சாட்சி சொல்லப் போறேன் அக்கா."

சபையில் எழுந்து நின்று தன் வாழ்க்கையில் நடந்ததை எல்லோர் முன்னாலும் சொல்வதுதான் சாட்சி. வேலை கிடைத்தவர்களும் கட்டி கரைந்தவர்களும் சொல்வார்கள்.

"என்ன சாட்சி?"

"என் வாயாலதான் அவர் போனார்னு. எல்லாரும் மறைவா பேசுறாங்க. நானே எழுந்து சொல்லிடறேன். பாஸ்டர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார்."

"பைத்தியமா உனக்கு?"

"சொன்னாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அன்று ஜோசலின் ஒரு வழி கண்டுபிடித்தாள். தான் வாயைத் திறக்கவேண்டாம், தண்ணீரே சொல்லட்டும். அவ்வளவு அமைதியான கடலிலும் அந்த வாயில் என்ன நடக்கும் என்று கெசியா கண்ணால் பார்த்துவிட்டால் போதும், விபத்து என்று நம்பிவிடுவாள். சாட்சி நின்றுபோகும். போன் விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும். கோழைத்தனம்தான். அப்போது அது அவளுக்கு நல்ல யோசனையாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ராஜகோபால் சாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, கெசியாவை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் யாரும் இல்லை. ஜோசலின் விளக்குகளைப் போட்டாள். ஒரு ஸ்டூலைத் தொட்டியின் நடுப்பகுதியில் இழுத்துப்போட்டு, "இங்க உட்காரு" என்றாள்.

"நாங்க எல்லாத்தையும் சின்னதாக்கித்தான் பண்ணுவோம். பத்துல ஒரு பங்கு. அறுபது சென்டிக்கு இங்க ஆறு சென்டி. பாரு."

பேடில் அசைந்தது. ஆறு சென்டிமீட்டர் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடியை ஒட்டிப் போயின. வழவழவென்று, சத்தமே இல்லாமல். ஜோசலின் மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் அலையின் உச்சியிலும் பள்ளத்திலும் கோடு போட்டாள். கெசியா இரண்டு கோட்டுக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள்.

"இதுதானா அன்னைக்குக் கடல்ல இருந்தது?"

"இதுதான்."

"இதுல ஒரு ஆள் எப்படி அக்கா..."

"இரு."

பேடிலை நிறுத்திவிட்டு ஜோசலின் பத்து நிமிஷம் காத்திருந்தாள். கெசியா முன்னாலும் அதைக் குறைக்க அவளால் முடியவில்லை. பிறகு பம்பைப் போட்டாள். கூடம் முழுக்க உறுமல் பரவியது. தண்ணீர் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. மேலே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் தூசிகள் வேகமாகப் போவது மட்டும் தெரிந்தது.

"இது மழைத்தண்ணி. நம்ம பக்கத்துத் தண்ணி. இப்ப அலையைப் போடறேன். அதே அலை. எதையும் மாத்தல."

முதல் இரண்டு அலைகள் தடுமாறின. மூன்றாவது நடுப்பகுதிக்கு வந்ததும் குறுகி எழுந்தது. அடுத்தது இன்னும் எழுந்தது. இடைவெளி சுருங்கி, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறுவதுபோல நெருங்கி வந்தன. முகப்பு நிமிர்ந்து, மார்க்கர் கோட்டைத் தாண்டி, கிட்டத்தட்ட அதே அளவு இன்னொரு பங்கு மேலே போய், உச்சி வெள்ளையாக உடைந்து விழுந்தது. தண்ணீர் தெறித்து கெசியாவின் துப்பட்டா நனைந்தது. அவள் பின்வாங்கவில்லை.

"இதுல அவர் எங்க இருந்திருப்பார்?"

ஜோசலின் அலை உடைகிற இடத்தைக் காட்டினாள்.

கெசியா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது, முப்பது அலைகள் அங்கே வந்து உடைந்தன. ஜோசலின் அவள் முகத்தைப் பார்த்தாள். அது இளகும் என்று எதிர்பார்த்தாள். இளகவில்லை.

"அவர் இங்க வந்திருக்கார்ல அக்கா? கல்யாணத்துக்கு முன்னாடி. போன்ல வீடியோ எல்லாம் எடுத்துவச்சிருந்தார். என்கிட்ட காட்டினார்."

"வந்தான். ஓபன் டே அன்னைக்கு."

"அப்ப இதையெல்லாம் பார்த்திருக்கார். வாய்ல என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும்." கெசியா திரும்பினாள். "தெரிஞ்சேதான் இதுக்குள்ள போயிருக்கார்."

"இல்ல, இல்ல. அன்னைக்குப் பம்ப் போடமாட்டோம். பார்க்க வர்றவங்களுக்கு அலை மட்டும்தான் காட்டுவோம். இதை அவன் பார்க்கல."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க."

"சத்தியமா."

"எல்லாரும் அப்படித்தான் அக்கா சொல்றாங்க. பரவாயில்ல. கூட்டிட்டு வந்து காட்டினதுக்குத் தேங்க்ஸ்." கெசியா எழுந்து துப்பட்டாவைப் பிழிந்தாள். "இப்ப எனக்குச் சந்தேகமே இல்ல. சாட்சியில இதையும் சேர்த்துச் சொல்லிடறேன்."

ஜோசலின் பேடிலை நிறுத்தினாள். பம்பையும் நிறுத்தினாள். உறுமல் அடங்கியதும் கூடம் மிகவும் பெரிதாகிவிட்டது போலிருந்தது. கெசியா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து அடி நடந்தால் கதவு. கதவைத் தாண்டிவிட்டால் அவள் அந்த ஜெபக்கூட்டத்தில் எழுந்து நிற்கப்போவது நிச்சயம்.

"அவன் என்னைக் கேட்டான்" என்றாள் ஜோசலின்.

"என்ன?"

"காலைல ஏழு மணிக்கு போன் பண்ணினான். கயாக்ல இருந்து. வெளிய போலாமான்னு கேட்டான். அறுபது சென்டின்னு ஆப் காட்டுதுன்னு சொன்னான். அறுபதுதானே, ஒண்ணும் இல்ல, போயிட்டு வான்னு நான்தான் சொன்னேன். மழை பெய்ஞ்சது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. ஓட்டம் மட்டும் ஞாபகம் வரல. தோசை கருகுதுன்னு வச்சுட்டேன்."

எல்லாம் சேர்த்து அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பதினோரு மாதமாக உருட்டிக்கொண்டிருந்தது இவ்வளவு சின்னதா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

கெசியா நின்ற இடத்திலேயே நின்றாள். "வேற என்ன சொன்னார்?"

"நேத்து கெசியாகூட பெரிய சண்டை, ஒரு கொடுவாவாவது கொண்டுபோய்க் குடுத்தாத்தான் என் மூஞ்சியப் பார்ப்பான்னான்."

"மறுபடியும் சொல்லுங்க."

ஜோசலின் சொன்னாள்.

"அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மூன்றாம் முறையும் சொன்னாள். மத்தியானம் மேலே சாப்பிட வரச்சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். கெசியா ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "மத்தியானம்," என்றாள் கைகளுக்குள்ளிருந்து. "மத்தியானம் வர்றதா இருந்தாரா?" பிறகு அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தது. "கொடுவாவாம். ஆறு வருஷத்துல ஒரு கொடுவா பிடிச்சதில்ல அந்த மனுஷன்." ஜோசலின் அவள் முதுகில் கை வைக்கப்போனாள்.

கெசியா நகர்ந்துகொண்டாள்.

"நான் சபையில சொல்லிடறேன் கெசியா," என்றாள் ஜோசலின். "அன்னைக்கு நான் எழுந்து நிக்கறேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"யாருக்கு அக்கா? அவங்களுக்கு என்ன வந்துச்சு?" கெசியாவின் குரல் உயரவே இல்லை. "எனக்குச் சொல்லியிருக்கணும். பதினோரு மாசம் முன்னாடி."

"பயமா இருந்துச்சு."

"போயிட்டு வான்னு சொன்னீங்களே, அதை நான் ஒருநாள் மன்னிச்சிடுவேன். தெரியாம சொன்னது. யார் வேணும்னாலும் சொல்லியிருப்பாங்க. ஆனா நான் தினமும் சாயங்காலம் உங்க முன்னாடி உட்கார்ந்து, என் புருஷனை நானே கொன்னுட்டேன்னு அழுதேன். நீங்க பார்த்துட்டு இருந்தீங்க. பார்த்துட்டு, எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து குடுத்தீங்க."

சர்க்கரை கம்மியா, சரியாக இருக்கிறதா என்றுகூட ஜோசலின் கேட்டிருக்கிறாள்.

கெசியா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் கூடுவாஞ்சேரிக்கு, அம்மா வீட்டுக்குப் போறேன். அவர் என் மேல கோபத்துல போகலன்னு அம்மாகிட்ட சொல்லணும்."

"இரு, நான் கொண்டுபோய் விடறேன்."

"வேணாம். பஸ் இருக்கு."

கதவு வரை போனவள் நின்று, திரும்பாமலே கேட்டாள். "போன்ல அவர் குரல் எப்படி இருந்துச்சு? சந்தோஷமா இருந்தாரா?"

"சந்தோஷமாத்தான் இருந்தான்," என்றாள் ஜோசலின்.

கெசியா தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனாள். அவளுடைய செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் கொஞ்ச தூரம் கேட்டது. எப்போது வருவாய் என்று கேட்கத் தனக்கு வாய் இல்லை என்பது ஜோசலினுக்குத் தெரிந்திருந்தது.

சுவிட்சுகளை அணைக்கலாம் என்று இரண்டடி வைத்தாள். அதற்குமேல் முடியவில்லை. மரத்துப்போன காலைத் தரையில் ஊன்றினால் ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி நெஞ்சுக்குள் எங்கோ குத்தத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாக, பிறகு தாங்கமுடியாமல். கெசியா உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு ஜோசலின் தரையில் உட்கார்ந்தாள். மத்தியானம் நீயும் மேல சாப்பிட வந்துடு என்று தம்பி சொன்னதற்கு, சரி சரி, வை என்றுதான் பதில் சொல்லியிருந்தாள். வாய்விட்டு அழுதாள். அந்தப் பெரிய கூடத்தில் கேட்க யாரும் இல்லை. மாடியிலும் இனி யாரும் இல்லை.